மெக்லியாட்கஞ்சில் நாடி பிடித்துப் பார்த்து 17,800 ரூபாய் பிடுங்கிய கடை: மலையேறப் போகிறவர்கள் படிக்கவும்

17,800 ரூபாய் போய்விட்டது. அதைக்கூட விடுங்கள். நிற்கவே தெம்பில்லாமல் போய் உட்கார்ந்தவளின் கையைப் பிடித்து, திபெத்திய வைத்தியன் என்று சொல்லி வாங்கினானே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தர்மசாலா பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறைய பேர். அவர்களில் ஒருத்தராவது தப்பிக்கட்டும்.

இமாசலப் பிரதேசத்தில் பார்வதி பள்ளத்தாக்கில் இருக்கும் கீர்கங்கா மலை ஏறி இறங்கிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து, தர்மசாலாவை ஒட்டி மேலே இருக்கும் மெக்லியாட்கஞ்ச் வந்திருந்தேன். அங்கிருந்து திரியுண்ட் என்ற மலைமுகடு, அதற்கு மேல் 4,342 மீட்டரில் இந்திரஹார் கணவாய் என்று திட்டம். வந்த இடத்தில் வயிறு கெட்டது. சாதாரண வயிற்றுப்போக்கு மாதிரி இல்லை. வயிறு பானையாக உப்பிவிடும், ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம், எது சாப்பிட்டாலும் தண்ணீராகப் போய்விடும். நின்றதுபோல இருக்கும், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும். படுக்கையிலிருந்து எழுந்தால் கண்ணை இருட்டியது.

ஏன் திபெத்திய வைத்தியத்துக்குப் போனாய் என்று கேட்பீர்கள். போவதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊர் அந்த மருத்துவத்தின் வீடு. 1916-ல் லாசாவில் 13-வது தலாய் லாமா காலத்தில் தொடங்கிய மென்-ட்ஸீ-காங் என்ற மருத்துவ, சோதிட நிலையம், 1961-ல் தர்மசாலாவில் மறுபடி உயிர் பெற்றது. சோவா ரிக்பா என்ற அந்த முறையை இந்தியச் சட்டம் 2010-லேயே அங்கீகரித்துவிட்டது. ஆயுர்வேதம், சித்தா மாதிரி அதுவும் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சித்த வைத்தியரிடம் நாடி பார்ப்பது வழக்கம். வாதம், பித்தம், கபம் என்று நாம் சொல்வதுபோல அவர்கள் லுங், திரிபா, பேகென் என்று மூன்றைச் சொல்கிறார்கள். நமக்கு அந்நியமான விஷயமே இல்லை. அந்த மருத்துவத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லித் திருடுகிறவன் மேல் இவ்வளவு ஆத்திரம்.

கடை பஜாரில் இருக்கிறது. கீழே கல், மணிமாலை, பாடும் கிண்ணம் விற்கிறார்கள். மாடியில் ‘திபெத்திய மூலிகை மருத்துவம், நாடி பரிசோதனை’ என்று போர்டு. உள்ளே ஊதுபத்தி வாசனை, சுவரில் மருத்துவ புத்தரின் நீலப் படம், வெண்ணெய் விளக்கு. வயதான மனுஷன், மெதுவான பேச்சு. அப்போது வாங்க போங்க என்றுதான் மனசுக்குள்ளும் நினைத்தேன். இனி மரியாதை போட்டு எழுத முடியாது. “மகளே, ரொம்ப வாடிப் போயிருக்கிறாய், முதலில் உட்கார்” என்று இந்தியில் சொல்லி, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தான். தனியாக வந்த ஊரில், ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவளுக்கு அந்த வெந்நீர் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது.

யேஷி தோந்தேன் என்ற பெயரைச் சொன்னான். தலாய் லாமாவின் வைத்தியராக இருந்து, 2018-ல் பத்மஸ்ரீ பெற்று, 2019-ல் காலமானவர். அதே மெக்லியாட்கஞ்சில் அவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்து காத்துக் கிடந்ததை நானே கேள்விப்பட்டிருக்கிறேன். அவரிடம் கற்றுக்கொண்டதாக இவன் சொன்னான். செத்துப்போன பெரிய மனிதர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்?

வலது கையில் மட்டும் மூன்று விரலை வைத்தான். நடுவில் போன் வந்தது, பேசினான், திரும்ப வைத்தான். “திரிபா ஏறிவிட்டது, ஈரல் சூடாகிவிட்டது, வயிற்றில் பிடித்திருக்கிறது” என்றான். வயிறு என்று நான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டானே என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது. பட்டுத் துணியில் சுற்றி நூல் கட்டிய உருண்டைகள் கொஞ்சம், கறுப்பு உருண்டைகள் இரண்டு டப்பா, ஒரு பொடி எடுத்து வைத்தான். தங்கம், முத்து, பவளம் சேர்ந்த ரத்தின மாத்திரை, மூன்று மாதத்துக்கு, 17,800 ரூபாய் என்றான். ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். “பாதியில் விட்டால் நோய் ஈரலுக்குள் போய்விடும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியாலும் எடுக்க முடியாது.” குரலை உயர்த்தாமல், வருத்தப்படுகிற மாதிரி சொன்னான். பயமுறுத்தித்தான் வாங்கினான். ஜிபேயில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் வந்தது, மருமகன் என்றான். ரசீது கேட்டேன். பிரிண்டர் ரிப்பேர், வாட்ஸப்பில் வரும் என்றான். இன்னும் வரவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் இது: இந்திரஹார் ஏறலாமா என்று கேட்டேன். “இரண்டு நாள் சாப்பிடு, அப்புறம் தாராளமாக ஏறு, மூச்சு வாங்காது” என்றான். உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லாதவளை நாலாயிரம் மீட்டருக்கு மேல் அனுப்பப் பார்த்தான். பாதி வழியில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது?

மாத்திரை போட்ட ராத்திரியே வாந்தியும் சேர்ந்துகொண்டது. தம்பிக்குப் போன் பண்ணினேன். “அக்கா, பணம் போனால் போகட்டும், நீ முதலில் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்” என்றான். ஹாஸ்டல் மேனேஜர்தான் டாக்ஸி பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் மலப் பரிசோதனை செய்தார்கள். ஜியார்டியா என்ற கிருமி. அசுத்தமான தண்ணீரில் வருவது, உடம்புக்குள் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று டாக்டர் விளக்கினார். கீர்கங்காவில் தொற்றியிருக்க வேண்டும். மெட்ரோனிடசோல், சாதாரண மாத்திரை, நம் ஊர் மருந்துக் கடையில் அட்டையோடு சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு அங்கே 17,800 ரூபாய்!

பட்டுத் துணி உருண்டையை டாக்டரிடம் காட்டினேன். தயாரித்த இடம் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்ந்தது என்று ஒரு வரி இல்லை. உண்மையான ரத்தின மாத்திரை வகைகளில் சிலவற்றில் பதப்படுத்திய பாதரசம் சேர்ப்பது அவர்களுடைய மரபு. அந்தப் பதப்படுத்தும் வேலையே பெரிய வேலை, தெரிந்தவர்கள் மட்டும் செய்வது. இதைக் கேட்டதிலிருந்து நான் என்னத்தை விழுங்கினேன் என்ற நினைப்பு விடவில்லை. மிச்சத்தைத் தொடாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றார் டாக்டர்.

அப்புறம் கடைக்காரர்கள் அலைக்கழித்த கதை. முதல் போனில், “வாந்தி வந்தால் நல்லது, உடம்பு அழுக்கைத் தள்ளுகிறது.” இரண்டாவது முறை வேறு ஒரு பையன் எடுத்து, வைத்தியர் லடாக்கில் இருக்கும் லே ஊருக்குப் போய்விட்டார் என்றான். நேரே போய் நின்றேன். கீழே கல் விற்கிறவர், மாடிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார். மாடியில் இருந்த பையனோ, பணம் கீழே கொடுத்ததுதானே, அங்கே கேளுங்கள் என்றான். டப்பாவைப் பிரித்துவிட்டீர்கள், மருந்து திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைசியில் ஒரு வார்த்தை. போன மனுஷன் லேயிலும் இல்லை, எங்கேயும் இல்லை. உள் அறையில் அவன் இருமியது எனக்குக் கேட்டது. வாசலில் நின்று கத்தினேன். பஜாரே பார்த்தது. 17,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும், முறையாகப் படித்துப் பதிவு பெற்ற ஓர் அம்ச்சியை, அதாவது திபெத்திய வைத்தியரை, தேடிப் போனேன், அந்த மருத்துவத்தை இவனை வைத்து எடை போடக் கூடாது என்பதற்காகவே. அந்த அம்மா இரண்டு கையிலும் நிதானமாக நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி, கிண்ணத்தில் ஊற்றிக் குச்சியால் அடித்து நுரையைக் கவனித்தார். ஆஸ்பத்திரி மாத்திரையை முழுசாக முடி, அதற்குப் பிறகு வேண்டுமானால் செரிமானத்துக்கு ஏதாவது தருகிறேன் என்று அனுப்பிவிட்டார். மருந்தே விற்கவில்லை. நாடி பார்த்ததற்கு வாங்கிய பணம் ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தலை சுற்றுகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்று சுவரில் இல்லையென்றால் உட்காராதீர்கள். ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஜிபேயில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்று மாத மருந்தை முதல் நாளே கட்டி வைப்பவனிடம் எழுந்து வந்துவிடுங்கள். லேபிள் இல்லாத எதையும் விழுங்காதீர்கள். ஏமாந்தால் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண் அது, உடனே போன் செய்யுங்கள். நான் புகார் பதிந்திருக்கிறேன். மலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயிற்றுப்போக்கோடு கண்ணை இருட்டினால் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள். தர்மசாலாவில் திபெத்தியர்களே நடத்துகிற டெலெக் ஆஸ்பத்திரி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.