பழைய எஞ்சினுக்குப் புதிய ஆட்டோமேட்டிக்: கன்ட்ரோலரா, கேபிளா?

1970-களின் கார்புரேட்டர் வைத்த ஷெவர்லே 350 எஞ்சினை 1990-களின் வண்டியில் இறக்கினால், கியர்பாக்ஸுக்கு இரண்டு வழி இருக்கிறது. வண்டியோடு வந்த 4எல்60இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் தனியாக ஒரு கன்ட்ரோலர், அதாவது கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர், மாட்டலாம். இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, அதற்கு முன்னோடியான 700ஆர்4-ஐப் போடலாம். அது 1982-இல் வந்தது, கம்ப்யூட்டர் தேவையில்லை, ஆயில் அழுத்தத்தாலேயே கியர் மாறிக்கொள்ளும். நான் கன்ட்ரோலர் வழியில் போனேன். மறுபடி செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன்.

ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது, கியர் விகிதம் இரண்டிலும் ஒன்றேதான்: 3.06, 1.63, 1.00, 0.70. 1993 முதல் 1995 வரை வந்த 4எல்60இ பழைய 350-இன் பின்னால் நேராக உட்கார்ந்துவிடும். எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸ் பக்கம் கொடுக்கும் தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டை மட்டும் எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள். 1986-க்கு முந்தைய கிராங்கில் (எஞ்சினின் சுழல் தண்டு) அது மாட்டும் போல்ட் வட்டம் வேறு. எந்தக் கியர்பாக்ஸ் போட்டாலும் இந்த வேலை உண்டு.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரே கேள்விதான்: ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்கு யார் சொல்வது?

700ஆர்4-இல் அதைச் சொல்வது கார்புரேட்டரிலிருந்து போகும் திராட்டில் வால்வ் கேபிள். கியர் எப்போது மாற வேண்டும் என்பதோடு, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் லைன் பிரஷரையும் அதுவே முடிவு செய்கிறது. கார்புரேட்டர் லீவரில் கேபிள் மாட்டும் இடம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் இழுப்பின் அளவு மாறி, மிதிக்கும் வேகத்துக்கு அழுத்தம் ஏறாது, பிளேட் வழுக்கும், மூன்றாவது நான்காவது கியருக்கான பிளேட்டுகள் முதலில் கருகும். இதில் மோசமானது என்னவென்றால், கியர் மெத்தென்று சீக்கிரம் மாறுவதால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். கார்புரேட்டரையோ பிராக்கெட்டையோ மாற்றினால் ஒவ்வொரு முறையும் கேபிளைச் சரிபார்த்து, பிரஷர் கேஜ் மாட்டியும் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து விட்டுவிடுகிற வேலை இல்லை இது.

4எல்60இ-யில் அந்த வேலையை கார்புரேட்டர் தண்டில் மாட்டிய திராட்டில் பொசிஷன் சென்சார் செய்கிறது. மிதிக்காதபோது ஏறத்தாழ 0.5 வோல்ட், முழுக்க மிதித்தால் 4.5 வோல்ட் பக்கம். நடுவே எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எந்த வேகத்தில் கியர் என்பதை கன்ட்ரோலரில் நாமே வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலருக்கு மின்சாரம் போய்விட்டால் டிரைவ் நிலையில் மூன்றாவது கியர் மட்டும் கிடைக்கும், அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். வண்டி மந்தமாகக் கிளம்பும், ஆனால் பிளேட் கருகாமல் வீடு சேரலாம். பழுதானாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற இந்த ஏற்பாடு ஒன்றே எனக்குப் போதும்.

குறையும் உண்டு. சென்சாரைப் பிடிக்கும் பிராக்கெட்டில் துளி ஆட்டம் இருந்தாலும் ஒரே வேகத்தில் போகும்போது கியர் ஏறி இறங்கித் தடுமாறும். நான் வயரிங்கைச் சந்தேகப்பட்டு ரொம்ப நேரம் தேடினேன், கடைசியில் பிராக்கெட் போல்ட்டை இறுக்கியதும் சரியாகிவிட்டது. எஞ்சின் சுற்று சிக்னல், கியர்பாக்ஸின் வால் பக்க வேக சென்சார், நல்ல எர்த் இவையும் ஒழுங்காக இருக்க வேண்டும். கனமான டிரெய்லர் இழுத்து மலை ஏற்றிப் பார்த்ததில்லை, அதனால் அந்த வகை உழைப்பில் எது தாங்கும் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிக்கொண்டே கியர்பாக்ஸின் உள்ளே தள்ளுங்கள், படிப்படியாக 'டக்' 'டக்' என்று இறங்கி அதன் ஆயில் பம்ப்பின் பற்களில் உட்காரும். கியர்பாக்ஸின் முன்பக்க உறையான பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுற்றவில்லை என்றால் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். கழற்றிவிட்டு மறுபடி உட்கார வையுங்கள்.

வயரில் கை வைக்கவே பிடிக்காது, கேபிளை கேஜோடு சரிபார்க்கப் பொறுமை இருக்கிறது என்கிறவர்கள் 700ஆர்4 போடலாம். கார்புரேட்டரை அடிக்கடி மாற்றிப் பார்க்கிற ஆள் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.