விற்றுத் தருவதாகச் சொல்லி லென்ஸை வாடகைக்கு விடும் கடை: ஓர் எச்சரிக்கை

தொலைவில் இருக்கும் பறவைகளைப் படமெடுக்க உதவும் என்னுடைய கேனான் இஎஃப் 500 மி.மீ. எஃப்/4 லென்ஸை (இரண்டாம் பதிப்பு) விற்றுத் தரும்படி சென்னையில் ஒரு கேமரா கடையில் ஒப்படைத்திருந்தேன். பத்து சதவீதக் கமிஷன். விற்கும்வரை லென்ஸ் அவர்களின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் என்பது பேச்சு. மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலை சொன்னேன். கடைக்காரர் தலையாட்டினார்.

மாதங்கள் ஓடின. எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பெரிய லென்ஸைச் சீந்துவாரில்லை சார். புதிய கேமராவில் இது வேலையும் செய்யாது."

முதல் பாதி உண்மை. 2018இல் கேனானும் நிக்கானும் உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கான புதிய மவுண்டுகளை (லென்ஸ் பொருந்தும் வளையங்களை) கொண்டுவந்த பிறகு, பழைய மவுண்டில் உள்ள பெரிய லென்ஸ்களின் மறுவிற்பனை விலை இறங்கிக்கொண்டே போகிறது. என் லென்ஸின் எடை 3.2 கிலோ. 2023இல் கேனானே இரண்டு கிலோவில் 200-800 மி.மீ. ஜூம் லென்ஸைக் கொண்டுவந்துவிட்டது. அது எஃப்/6.3-9 தான் (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), ஆனால் உயர் ஐஎஸ்ஓவிலும் (ஒளியுணர்திறன்) சமாளிக்கும் கேமராக்களும் படத்தில் விழும் புள்ளிகளான இரைச்சலை நீக்கும் மென்பொருள்களும் வந்தபின் பலருக்கு அது போதும். விடியற்கால வெளிச்சத்தில் எஃப்/4க்கு ஈடில்லை என்று நான் இன்னும் வாதிடுவேன். வாதத்தை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

இரண்டாம் பாதி பச்சைப் பொய். கேனானின் சொந்த அடாப்டரை (இணைப்பு வளையத்தை) மாட்டினால் இந்த லென்ஸ் அதன் ஈஓஎஸ் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ், அதிர்வுக் கட்டுப்பாடு எல்லாவற்றோடும் வேலை செய்கிறது. வாங்க வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னாரா என்று தெரியவில்லை.

பூநாரைகளைப் பார்க்கப் பழவேற்காடு போனபோது, கரையில் ஓர் இளைஞர் என் லென்ஸை வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூடின் திருகு தொலைந்ததால் நான் மாட்டியிருந்த பித்தளைத் திருகைக் கண்டதும் சந்தேகம் வந்தது. வரிசை எண்ணைப் பார்த்ததும் தீர்ந்தது. நாளொன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு அதே கடையில் எடுத்தாராம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, ரசீதைக்கூடக் காட்டினார்.

கடைக்காரர் மறுக்கவில்லை. "சும்மா கிடந்த பொருள்தானே" என்றார். அதோடு விட்டாரா? மவுண்டில் மணல், முன்கண்ணாடியில் கீறல், உள்ளே பூஞ்சையின் தொடக்கம் எல்லாவற்றையும் அவரே சுட்டிக்காட்டி, "இந்த நிலைமைக்கு ஒன்று அறுபது தருகிறேன்" என்றார். சந்தை மந்தம் என்று சொல்லிச் சொல்லி என்னைக் காக்க வைத்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. லென்ஸ் விற்றுவிட்டால் அவருக்குக் கிடைப்பது ஒருமுறைக் கமிஷன். விற்காமல் இருந்தால் மாதம் முழுக்க வாடகை, கடைசியில் பாதி விலைக்கு லென்ஸும்.

பெரிய லென்ஸை இப்படி ஒப்படைப்பவர்கள் வரிசை எண், நிலை, குறைந்தபட்ச விலை, கெடு, "வாடகைக்கோ இரவலாகவோ தரக்கூடாது" என்ற வரி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முன்கண்ணாடியையும் மவுண்டையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். இடையிடையே சொல்லாமல் போய் லென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் திரும்ப எடுத்துவந்த நாளில், அதே அலமாரியில் உரிமையாளர் பெயர்ச்சீட்டு ஒட்டிய வேறு சில பெரிய லென்ஸ்களும் இருந்தன. சென்னையில் எந்தக் கடையிலாவது உங்களுடையது மாதக்கணக்கில் "விற்காமல்" கிடந்தால், இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் கேட்டால் அலமாரியில்தான் இருக்கிறது என்பார்கள்.