“டியூன் பண்ணித் தர்றேன்” என்பவரிடம் க்ளோ எஞ்சின் வாங்குமுன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு பழைய 25 அளவு (0.25 கன அங்குலம்) க்ளோ எஞ்சினும் நான்கு லிட்டர் எரிபொருளும் வாங்கி ஏமாந்தேன். மெத்தனால் கலந்த எரிபொருளை, பிளக்கில் உள்ள சூடான சுருளால் பற்றவைத்து ஓடும் மாதிரி விமானச் சிற்றெஞ்சின் அது. எஞ்சினுக்கு 7,500 ரூபாய், எரிபொருளுக்கு 4,800. அதில் மூவாயிரம் என் அக்கா மகன் தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்துக் கொடுத்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறான். கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானம் ஒன்றை, லேசான பால்சாக் கட்டையில் அவனே செய்து, எஞ்சினுக்காகக் காத்திருந்தான்.

இணையத்தில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நேரில் போனேன். விற்பவர் வெள்ளி போல மின்னும் எஞ்சினைக் கையில் கொடுத்தார். புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தேன், பிஸ்டன் மேலே வரும்போது நன்றாகப் பிடித்தது. ஓட்டிக் காட்டச் சொன்னேன். “அக்கம்பக்கத்துல சத்தம் போடுவாங்க சார். நான் பெஞ்சுல ஓட்டி, வேற ரெண்டு எஞ்சினோட ஒப்பிட்டுப் பார்த்து டியூன் பண்ணி வச்சிருக்கேன். நீடிலைத் தொடவே தொடாதீங்க” என்றார். அப்புறம் போனில் ஒரு சின்ன வீடியோ காட்டினார். டாக்கோமீட்டரில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் கருவி) 15,000.

அந்தப் பேச்சிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். க்ளோ எஞ்சினை டியூன் செய்து பெட்டியில் போட்டுக் கொடுக்க யாராலும் முடியாது. நீடில் என்பது எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அதை அன்றைய வெயில், ஈரப்பதம், எரிபொருள், பிளக், புரொப் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றன்றைக்கு வைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வைத்த நீடில் பதினொரு மணிக்குச் சரியாக இராது. “தொடாதே” என்று ஒருவர் சொன்னால், தொட்டால் ஏதோ தெரிந்துவிடும் என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் 9-க்கு 6 புரொப் (ஒன்பது அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் முன்னேறும் சாய்வு) மாட்டினோம். எஞ்சின் கிளம்பியது, 10,900 வரை ஏறியது. இருபது நொடிக்குள் குரல் இறங்கி 9,400-க்கு வந்தது. தீய்ந்த வாடை. நீடிலை அரைச் சுற்று திறந்துவிட்டேன். புகை கூடியதே தவிர சுற்று ஏறவில்லை. நிறுத்தி, சூட்டோடு மறுபடி கிளப்பப் பார்த்தால் கிளம்பவே இல்லை. ஆற வைத்தால் கிளம்புகிறது, சூடானால் மறுக்கிறது. பையன் ஒரு வார்த்தை பேசாமல் கட்டுக்கம்பியைச் சுருட்டினான்.

வீட்டுக்கு வந்து எஞ்சினைப் பிரித்தேன். உள்ளே பசை போல அடர்த்தியான எண்ணெய், பிஸ்டன் தலையெல்லாம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவித் துடைத்து, பிளக்கைப் போட்டு மறுபடி சுற்றினேன். பிடிப்பே இல்லை. விரலில் வழுக்கிக்கொண்டு போகிறது.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது முக்கியம். இந்த வகை எஞ்சின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், முலாம் பூசிய பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் குழல்). ஸ்லீவ் மேல்முனையில் மயிரிழை அளவு குறுகி இருக்கும். அதனால் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும், புதிதானால் லேசாகக் கீச்சென்று கூடச் சத்தம் வரும். ஓடிச் சூடானதும் பித்தளை பிஸ்டனை விட அதிகம் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். எண்ணெயைத் துடைத்த பிறகும், குளிர்ந்த எஞ்சினில், அந்த உச்சிப் பிடிப்பு இருக்க வேண்டும். இல்லை என்றால் ஸ்லீவ் தேய்ந்துவிட்டது. அடர்ந்த எண்ணெய் சிறிது நேரத்துக்கு அந்தத் தேய்மானத்தை அடைத்துக் காட்டும். அவர் என் கையில் கொடுத்தது அந்த எண்ணெயின் பிடிப்பைத்தான்.

பின்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். கிராங்க் அறையின் மூலையில் விரலை வைத்துத் தேய்த்தால் நறநறத்தது. வெள்ளைத் துணியில் எடுத்து வெயிலில் பார்த்தேன், பொடிப் பொடியாக மின்னும் கண்ணாடி மணிகள். வெளியே பளபளப்பு வருவதற்காக எஞ்சினைப் பிரிக்காமலே அந்த மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசியடித்திருக்கிறார்கள் (பிளாஸ்டிங்). அந்தத் துகள்தான் ஸ்லீவையும் கனெக்டிங் ராடின் அடிமுனையையும் அரைத்திருக்கிறது. நல்ல நிலையில் இருந்த எஞ்சினைப் படத்துக்காகக் கெடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. பழைய எஞ்சினில் விளக்கெண்ணெய் காய்ந்து பழுப்பாகப் படிந்திருப்பது குறை இல்லை, அது ஒழுங்காக ஓடியதன் அடையாளம். பளபளவென்று இருக்கும் பழைய எஞ்சினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து எரிபொருள். கேனில் 10 சதவீத நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), 20 சதவீத எண்ணெய் என்று எழுதியிருந்தது. 50 மில்லியை அளந்து ஒரு தட்டையான எவர்சில்வர் தட்டில் ஊற்றி, மொட்டை மாடியில் நிழலில் வைத்தேன். மெத்தனாலும் நைட்ரோவும் ஆவியாகிவிடும், எண்ணெய் மட்டும் தங்கும். இரண்டு நாள் கழித்து மிஞ்சியதை ஊசிக் குழாயில் உறிஞ்சி அளந்தால் 5 மில்லி. அதாவது 10 சதவீதம், எழுதியிருந்ததில் பாதி. இந்த எஞ்சினுக்கு எண்ணெய்தான் மசகும் குளிர்ச்சியும். 10 சதவீதத்தில் ஓட்டினால் புது எஞ்சினே சாகும். (இந்தச் சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். மெத்தனால் ஆவி விஷம், அது எரியும் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.)

தமிழ்நாட்டில் மெத்தனால் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அத்தனை உயிர்களைக் குடித்த பிறகு அந்தக் கண்காணிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சரியான எரிபொருள் கிடைப்பது அரிதாக இருப்பதால்தான் “என்னிடம் இருக்கிறது” என்று சொல்கிறவரை நாம் கேள்வி கேட்காமல் நம்புகிறோம்.

ஒப்பிட்டுப் பார்த்தேன் என்றாரே, அதையும் செய்து பார்த்தேன். என்னிடம் பதினைந்து வருடமாக ஓடும் ஓ.எஸ். 25 எல்.ஏ. என்ற அதே அளவு எஞ்சின் இருக்கிறது. என் பழைய எரிபொருள், அதே பிளக், அதே 9-க்கு 6 புரொப். என்னுடையது 11,800-ல் அசையாமல் நின்றது. வாங்கியது சூடானதும் 9,600. ஒரே புரொப், ஒரே பிளக், ஒரே எரிபொருள் இல்லாமல் இரண்டு எஞ்சினை ஒப்பிட்டேன் என்பது வெறும் பேச்சு. வீடியோவை மறுபடி வாங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அதில் மாட்டியிருந்தது 8-க்கு 4. 25 அளவு எஞ்சினுக்கு அது சிறியது, எந்த எஞ்சினில் மாட்டினாலும் பறந்து பறந்து சுற்றும். டாக்கோமீட்டரைக் கூட அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதை இரண்டு இலைப் புரொப்புக்கான அமைப்பில் வைத்து, பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 3,000 காட்ட வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு போங்கள், எண்ணெயைக் கழுவித் துடைத்துவிட்டு உச்சிப் பிடிப்பைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிச் சுருளைப் பாருங்கள், பளிச்சென்று இருக்க வேண்டும், வெளிறி நெளிந்திருந்தால் எரிபொருள் பற்றாமல் ஓடியிருக்கலாம். முடிந்தால் அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். முழுத் திறப்பில் நீடிலை உச்சிச் சுற்றுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 300, 400 இறங்கும்வரை திறந்துவிட்டு, எரிபொருள் குழாயை ஒரு கணம் நசுக்குங்கள். சுற்று சற்றே ஏற வேண்டும். ஏறாமல் உடனே விழுந்தால் எரிபொருள் போதவில்லை. பிறகு நிறுத்தி, சூட்டோடு கிளப்புங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்க நீடில் தப்பு” என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. என் 25 எல்.ஏ.யைப் பையனின் விமானத்தில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். நேற்று அவரது விற்பனைப் பட்டியலில் மறுபடி ஒரு 25 அளவு எஞ்சின் வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது குளிர்விப்புத் துடுப்பில் ஒரு குறுக்குக் கீறல். அந்தக் கீறல் உள்ள எஞ்சின் என் மேசை மேல் கழற்றிக் கிடக்கிறது.