தியோஃபிலினா டாக்ஸோஃபிலினா செட்ரிசினா? அம்மாவோட வீசிங்கும் அடினோசினும்

எங்கம்மா செல்லூர்ல தறிக்கு நடுவுல வளந்தவங்க, நூல் தூசி பட்டாலே இளைப்பு வந்துரும், பதினஞ்சு வருஷமா தியோஃபிலின் மாத்திரைதான். போன மார்கழியில யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு வேற எடத்துல காமிச்சோம், சிப்ரோஃப்ளாக்சசின்னு கிருமியக் கொல்ற மாத்திரை குடுத்தாங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. மூணாம் நாள் காலைல காபி ஆத்துறப்ப கை நடுங்கி டவராவோட கீழ போட்டுட்டாங்க, நெஞ்சு படபடப்பு, வாந்தி. சிப்ரோ போட்டா தியோஃபிலின் கல்லீரல்ல சீக்கிரம் கரையாதாம், ரத்தத்துல ஏறிக்கிட்டே போகுமாம். அன்னைக்குத்தான் இந்த மாத்திரை உள்ள போய் என்னதான் பண்ணுதுன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

எல்லாத்துக்கும் நடுவுல இருக்குறது அடினோசின். திசு அடிபட்டா, ஆக்சிஜன் கொறஞ்சா உடம்பே வெளிய விடுற பொருள். 1983ல இங்கிலாந்துல குஷ்லி, டாட்டர்ஸ்ஃபீல்ட், ஹோல்கேட் மூணு பேரும் இதை மூச்சுல இழுக்க வச்சுப் பாத்தாங்க, ஆஸ்துமாக்காரங்களுக்கு மட்டும் மூச்சுக்குழாய் சுருங்குச்சு, மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. நடுவுல வேலை பாக்குறது அலர்ஜி செல்லான மாஸ்ட் செல், அதுலருந்து அலர்ஜிய உண்டாக்குற ஹிஸ்டமின்ங்கற பொருள் கொட்டுது. அடினோசின் வந்து ஒட்டுறதுக்கு செல் மேல கதவு மாதிரி இருக்குறதுதான் ரிசெப்டர், அதுல பல ரகம். அந்த செல்லுல ஏ2ஏ ரிசெப்டர் பிரேக் மாதிரி, ஏ2பி ஆக்சிலேட்டர் மாதிரி. ஏ2பி-ய உசுப்ப அடினோசின் நெறைய வேணும், வீங்கிக் கெடக்குற நுரையீரல்ல அது இருக்கு. எலிக்கு இந்த வேலையப் பாக்குறது ஏ3, அதனால எலி ரிசல்ட்ட அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

தியோஃபிலின் இந்த கதவு அந்த கதவுன்னு பாக்காது, அடினோசின் ரிசெப்டர் பூராத்தையும் அடைக்கும், இதயம் மூளைல இருக்குறதையும் சேத்து. அளவு மிஞ்சுனா படபடப்பு, ஃபிட்ஸ் வரைக்கும் போகும். டாக்ஸோஃபிலின் அதே குடும்பம்தான், ஆனா அடினோசின் ரிசெப்டர் பக்கம் ரொம்பப் போகாது, அதான் படபடப்பு கம்மி. ஆனா அதுவும் மூச்சுக்குழாய விரிக்குதே! அப்ப தியோஃபிலினோட பலன் பூராவும் அடினோசினை அடைக்கிறதால மட்டும் வர்றதில்லன்னுதான் எனக்குப் படுது. வயசானவங்களுக்கு ரெண்டுல ஒண்ணுன்னா என் ஓட்டு டாக்ஸோஃபிலினுக்கு.

செட்ரிசின் வேற ரகம், அலர்ஜி மாத்திரை. மாஸ்ட் செல்லத் தடுக்குறதில்ல, கொட்டுன ஹிஸ்டமின் போய் ஒட்டுற எடத்த மறிக்கும். தும்மல், அரிப்பு, தடிப்புக்கு நல்லாக் கேக்கும். இளைப்புக்கு அதை மட்டும் நம்பாதீங்க, மாஸ்ட் செல்லு கொட்டுற லூகோட்ரைன் மாதிரி மத்த சரக்கும் சேந்துதான் குழாய இறுக்குது.

இந்த மூணுமே ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு ஈடு கெடையாது, தெனமும் எடுக்க வேண்டியது அதுதான். அம்மாவுக்கு இப்ப டாக்டர் இன்ஹேலரும் டாக்ஸோஃபிலினும் எழுதிருக்காரு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய சீட்டெல்லாம் மஞ்சப்பையில கூடவே வருது. அப்புறம் காபில இருக்குற கஃபீனும் அடினோசின் ரிசெப்டரை அடைக்கிற சரக்குதான், லேசா மூச்சுக்குழாயையும் விரிக்கும், அதனால ஊதுற டெஸ்ட் எடுக்குற அன்னைக்குக் காலைல காபி கெடையாது. "ஒரு வாய் மட்டும்டா"ன்னு அம்மா கேக்குறப்ப மனசு கஷ்டமாத்தான் இருக்கும், டெஸ்ட் முடிஞ்சு வெளிய வந்ததும் மொத வேலையா வாங்கிக் குடுத்துருவேன்.