நிரலா, வழு அறிக்கையா, ஆவணமா, மொழியாக்கமா? திறந்த மூலத்தில் எங்கே தொடங்குவது

திறந்த மூல மென்பொருளுக்கு (யாரும் நிரலைப் பார்த்து மாற்றலாம் என்று வெளியிட்ட மென்பொருளுக்கு) பங்களிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒன்றுதான். இப்படிப்பட்ட திட்டங்கள் குடியிருக்கும் கிட்ஹப் தளத்தில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கேற்ற முதல் வேலை) என்று அடையாளமிட்ட வேலைகளைத் தேடுவார்கள். அங்கே ஏற்கெனவே ஆறு பேர் 'இதை எனக்கு ஒதுக்குங்கள்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். ஏழாவது ஆளாக நாமும் எழுதுவோம். ஒரு வாரத்தில் நாமும் காணாமல் போவோம்.

என் தொடக்கம் இதைவிட மோசம். முதன்முதலில் நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டில் ('என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கையில்) திருத்தம் என்னவோ மூன்றே வரிதான். ஆனால் கோப்பைச் சேமிக்கும்போது என் எடிட்டர் தன் இஷ்டத்துக்கு எல்லா வரிகளின் இடைவெளிகளையும் மாற்றிவிட்டது. அந்தத் திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் கண்ணில் பட்டது நானூறு வரி மாற்றம். அதில் எது திருத்தம், எது வெற்று இடைவெளி என்று அவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. இரண்டு வரி பதில் எழுதி மூடிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நானே ஒரு சின்ன நிரலகத்தைப் பராமரிக்கிறேன். நானாக இருந்தால் அந்த இரண்டு வரியைக்கூட எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

அதனால் நிரல், வழு (மென்பொருள் பிழை) அறிக்கை, ஆவணம், மொழியாக்கம் என்ற நான்கு வழிகளையும் ஒப்பிட ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். நாம் அனுப்புவது பராமரிப்பாளருக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறதா, அவர் நேரத்தைத் தின்கிறதா? அவரும் சம்பளமில்லாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்பவராக இருக்கலாம்.

நிரல் எழுதுவது

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். மரியாதையும் இதற்குத்தான் அதிகம். ஆனால் புதியவருக்கு நுழைவுச் செலவு மிக அதிகமான வழியும் இதுவே. லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் போன்ற பெரிய திட்டத்தை எடுத்தால், மூல நிரலை இறக்கி நம் கணினியில் முதன்முறை கம்பைல் செய்யவே (ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றவே) மணிக்கணக்கில் ஆகும். அப்புறம் அங்கே மாற்றங்களை அனுப்புவது கெரிட் என்ற ரிவ்யூ தளத்தின் வழியாக. அதையும் பழக வேண்டும். புதியவர்களுக்காக 'ஈஸி ஹேக்ஸ்' என்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதில் 'ஈஸி' என்பது ஏற்கெனவே சி++ நிரல்மொழி தெரிந்தவருக்கு ஈஸி.

நாம் அனுப்புவது முப்பது வரியாக இருக்கலாம். பராமரிப்பாளர் அதைப் படிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், சேர்த்துக்கொண்டால் நாம் போன பிறகும் சுமக்க வேண்டும். அதனால் நிரலுக்குள்ளேயே ஒரு பாகுபாடு உண்டு. இருக்கிற வழுவைத் திருத்தி, அந்த வழு திரும்ப வந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனையையும் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் வரவேற்பு கிடைக்கும். யாரும் கேட்காத புதிய வசதியை எழுதிக்கொண்டு போய் நின்றால் தர்மசங்கடம்தான், அவருக்கும் நமக்கும். புதிய வசதி என்றால் முதலில் திட்டத்தின் பக்கத்தில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து 'இப்படி ஒன்று செய்யலாமா' என்று கேட்டுவிடுங்கள். 'வேண்டாம்' என்ற பதில் இரண்டு வாரம் உழைத்த பிறகு வருவதைவிட உழைக்கும் முன் வருவது மேல்.

வழு அறிக்கை

என் பார்வையில் இந்தப் போட்டியில் முந்துவது இதுதான். நிரல் எழுதத் தெரியாதவருக்கு ஒதுக்கிய ஆறுதல் பரிசாக இதைப் பார்ப்பவர்கள் ஒரு நல்ல வழு அறிக்கையை வாங்கிப் பார்த்ததில்லை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். நான் குறிப்பெழுதப் பயன்படுத்தும் ஒரு செயலியில் 'கொடி' என்று தேடினால் சில குறிப்புகள் வரும், சில வராது. 'தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். தமிழே தெரியாத பராமரிப்பாளர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லை ஒட்டித் தேடிப் பார்ப்பார், கிடைக்கும், 'இங்கே சரியாக இருக்கிறது' என்று மூடிவிடுவார்.

உண்மையில் நடந்தது வேறு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடு முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது எகரத்தின் கொம்பும் காலும் இரண்டு குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். உள்ளே வேறு. நான் இரண்டு கோப்புகளை உருவாக்கினேன். இரண்டிலும் இருப்பது 'கொடி' என்ற ஒரே சொல். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒன்று 12 பைட், இன்னொன்று 15 பைட். இரண்டையும் இணைத்து, 'இதைத் தேடினால் அது கிடைக்கவில்லை, அதைத் தேடினால் இது கிடைக்கவில்லை, இரண்டும் கிடைக்க வேண்டும்' என்று எழுதினேன். செயலியின் பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள் மூன்று. அவ்வளவுதான். தேடும் சொல்லையும் தேடப்படும் உரையையும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டது. நான் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

நேற்றுவரை வேலை செய்தது இன்று செய்யவில்லை என்ற வகை வழுவானால் இன்னும் ஒரு படி போகலாம். நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில் 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால் நடுவில் உள்ள கமிட்டை (பதிவான ஒரு மாற்றத்தை) எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தேட வேண்டியது பாதியாகக் குறையும். இடையில் ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். 'இந்தக் கமிட்டிலிருந்துதான் கெட்டது' என்று எழுதி வரும் அறிக்கையைப் பார்த்தால் பராமரிப்பாளருக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டம் 2019 முதல் பாதுகாப்பு வழுக்களைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பணப்பரிசு தந்து வந்தது. ஏஐ கருவியிடம் கேட்டு எழுதி வாங்கிய, படிக்க மிடுக்காக இருக்கும், உள்ளே சரக்கில்லாத புகார்கள் குவிந்ததில் சலித்துப்போய் 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டத்தையே நிறுத்திக்கொண்டது. நாமே ஓட்டிப் பார்க்காத எதையும் வழு என்று எழுதக்கூடாது. இன்னொன்று, பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம். திட்டத்தின் 'செக்யூரிட்டி' கோப்பில் யாருக்குத் தனியாகச் சொல்வது என்று இருக்கும்.

புதிதாகப் புகார் சொல்ல எதுவும் இல்லையென்றால், மற்றவர்கள் போட்ட பழைய புகார்களை எடுத்துப் புதிய பதிப்பில் இன்னும் இருக்கிறதா என்று சோதித்து எழுதலாம். சீண்டுவாரில்லாத வேலை, ஆனால் ஒரு மாதம் செய்தால் அந்த மென்பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது பலருக்குத் தெரிந்திருக்காது.

ஆவணம்

எழுத்துப்பிழை திருத்துவது பங்களிப்பா? பங்களிப்புதான், ஒருமுறை. அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டால் தொல்லை. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வு நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். அக்டோபரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் 'அற்புதமான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும் கூட்டம் பெருகி, விரும்பும் திட்டங்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆவணத்தில் புதியவருக்கு மட்டுமே இருக்கும் ஒரு பலம், அவர் புதியவர் என்பதுதான். நிறுவும் வழிமுறையை வரி வரியாகப் பின்பற்றுங்கள். எங்கே தடுக்கி விழுந்தீர்களோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பத்து வருடமாக அதிலேயே ஊறியவர் கண்ணுக்கு அது படாது. விழுந்த அன்றே எழுதிவிட வேண்டும். அடுத்த வாரம் உங்களுக்கும் மறந்துவிடும்.

மொழியாக்கம்

வெப்லேட், மோசில்லாவின் பொன்டூன், விக்கிப்பீடியாவின் மீடியாவிக்கி முதலியவற்றுக்கான டிரான்ஸ்லேட்விக்கி என்று உலாவியிலேயே உட்கார்ந்து செய்யும் தளங்கள் வந்த பிறகு நுழைவுச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். கிட் தெரிய வேண்டியதில்லை. பராமரிப்பாளரின் நேரத்தையும் அதிகம் தின்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். 'ஓப்பன்' என்று ஒற்றைச் சொல் வரும். அது பொத்தானா, நிலையா? பொத்தான் என்றால் 'திற', நிலை என்றால் 'திறந்துள்ளது'. சூழல் தெரியாமல் ஊகித்துப் போட்டால் மெனுவில் 'திறந்துள்ளது' என்று ஒரு பொத்தான் நிற்கும். அதனால் மென்பொருளைத் திறந்து அந்தச் சொல் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒருவர் 'கோப்புறை' என்பார், இன்னொருவர் 'அடைவு' என்பார். ஒரே திரையில் இரண்டும் இருந்தால் பயனர் இரண்டும் வேறு என்று நினைப்பார். முன்னால் செய்தவர்கள் எந்தச் சொல்லை வைத்தார்களோ, நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே பின்பற்றுவது நல்லது. இன்னொரு கஷ்டம், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கும் மென்பொருளை யாரும் தமிழில் வைத்துக்கொள்வதில்லை. தொடங்கினால் முக்கியமான திரைகளையாவது முடிக்க வேண்டும்.

பெரிய திட்டமா, சின்னதா?

பெரிய திட்டத்தில் விதி எழுதி வைத்திருக்கும், வழிகாட்ட ஆள் இருக்கும், நம் மாற்றம் வரிசையில் நிற்கும். சின்னதில் ஒரே ஒருவர். அவர் ஊக்கத்தோடு இருந்தால் அன்று மாலையே பதில், சோர்ந்திருந்தால் ஒரு வருடத்துக்கும் சத்தமில்லை. கடைசியாகக் கமிட் நடந்தது எப்போது, வெளியாட்களின் புல் ரிக்வெஸ்ட் கடைசியாக எப்போது சேர்க்கப்பட்டது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

சின்னத் திட்டம் என்றால் முக்கியமில்லாதது என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் விவகாரத்தில், எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவியை ஏறக்குறைய ஒரே ஆள் பராமரித்துக்கொண்டிருந்தார். உதவ வந்ததாகச் சொன்ன ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிக் கண்டுபிடித்தார். அதிலிருந்து முன்பின் தெரியாதவர் வேகமாகப் பொறுப்புக் கேட்டால் பராமரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். நம்மிடம் தயங்கினால் மனசு நோக வேண்டாம்.

புல் ரிக்வெஸ்ட்டா, மின்னஞ்சலா?

இதில் நமக்குத் தேர்வே இல்லை, திட்டம் எதைக் கேட்கிறதோ அதுதான். ஃபோர்க் செய்து (திட்டத்தை நகலெடுத்து), பிராஞ்ச் போட்டு (தனிக் கிளை பிரித்து), பொத்தானை அழுத்துவது புதியவருக்கு எளிது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோ இன்றைக்கும் பேட்சை (மாற்றிய வரிகளின் தொகுப்பை) மின்னஞ்சலில்தான் கேட்கிறது. அதுவும் வெறும் உரையாக, அஞ்சலின் உடலுக்குள்ளேயே. ஜிமெயிலை உலாவியில் திறந்து ஒட்டி அனுப்பினால் டேப்களை எல்லாம் வெற்றிடமாக மாற்றிவிடும், பேட்ச் ஒட்டாது. 'கிட் சென்ட்-இமெயில்' கட்டளையைப் பழகிக்கொள்ள ஒரு மாலை ஆகும். பழமைவாதம் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் வரிக்கு வரி கீழே பதில் எழுதி விவாதிக்க அஞ்சல்தான் வசதி என்பது இரண்டு தடவை திட்டு வாங்கிய பிறகு புரிந்தது.

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கெர்னல் 2004 முதல் கேட்பது கமிட்டின் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று ஒரு வரி: இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி. சில நிறுவனத் திட்டங்கள் கேட்பது தனி ஒப்பந்தம். குனு ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குச் சுமார் 15 வரிக்கு மேல் அனுப்பினால் பதிப்புரிமையையே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'சம்மதம்' அழுத்த வேண்டாம். நிறுவனம் பிற்பாடு உரிமத்தை மாற்றிக்கொள்ள அதில் இடம் இருக்கலாம். 2023-இல் டெராஃபார்ம் என்ற கணினிக் கட்டமைப்புக் கருவி அப்படி மாறியபோது, பிடிக்காதவர்கள் பிரிந்து போய் ஓப்பன் டோஃபு என்று தனியாகத் தொடங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்தது கெர்னலின் ஒற்றை வரிதான்.

ஆக, வாரத்துக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் மொழியாக்கம். தினமும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று எரிச்சலூட்டுகிறது என்றால் வழு அறிக்கை, அதைத் தொடர்ந்து போனால் திருத்தும் நிரலும் தானாக வரும். வேலைக்கான பயோடேட்டாவில் போட வேண்டும் என்பது நோக்கமென்றால் நிரல், ஆனால் ஒரே திட்டத்தில் ஆறு மாதம்.

அனுப்பிய பிறகு சத்தமே இல்லையா? கெர்னலின் வழிகாட்டியே குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டு மீண்டும் கேட்கச் சொல்கிறது. மற்ற இடங்களில் நான் இரண்டு வாரம் விடுவேன். என் நிரலகத்திலேயே ஒருவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் பதினொரு நாளாகக் கிடக்கிறது. ஆறு வரி மாற்றம், கூடவே ஒரு சோதனை. அவர் நினைவூட்டும் முன் அதைப் பார்த்துவிடுகிறேன்.