‘டெமோ பீஸ்’ என்று விற்கப்பட்ட எட்டு வயது லேப்டாப்

சென்னை ரிச்சி தெருப் பக்கம் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

அக்கா மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள். டாலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, அவ்வளவுதான் அவள் தேவை. இன்டெல் ஐ3 பிராசஸர் உள்ள புது லேப்டாப் போதும் என்றுதான் கேட்டோம். கவுன்டரில் இருந்தவர் அக்காவிடம், “ஐ3 எல்லாம் ஸ்கூல் பசங்களுக்குக்கா. அதைவிடக் கம்மியா ஐ7 தர்றேன். ரெண்டு மாசம் டெமோவுல இருந்த பீஸ்” என்றார். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, விலை 29,000. ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வந்தது ஜிஎஸ்டி எண்ணே இல்லாத ஒரு எஸ்டிமேட். ஆனால் அதே சாட்டில் ‘டெமோ பீஸ், 2 மாதம்’ என்று அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். யுபிஐயில் பணம் போன பதிவும் இருக்கிறது.

ஒரு வகுப்பு முடிவதற்குள் சார்ஜ் இறங்குகிறது என்று அவள் சொன்னதும் வாங்கிப் பார்த்தேன். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் ஐ7-7600யு என்று இருந்தது. ஏழாம் தலைமுறை, 2017-இல் வந்த பிராசஸர், இரண்டே கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி). 12-ஆம் தலைமுறை ஐ3-1215யுவில் ஆறு கோர் இருக்கிறது, வேகமும் அதுதான் அதிகம். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. இதில் அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். பெரிய அப்டேட் வரும்போது யார் பார்ப்பது?

ஆக்டிவேஷன் பக்கம் இன்னும் அழகு. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்று போட்டிருக்கிறது. பி.காம் முதலாண்டு மாணவிக்கு எந்த நிறுவனம்? கம்பெனிகளுக்கான இந்த வகை லைசென்ஸ், அதை ஆக்டிவேட் செய்த சர்வரோடு தொடர்பில்லாவிட்டால் 180 நாளில் காலாவதியாகிவிடும்.

பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். தயாரித்தபோது 57,000 மில்லிவாட்-ஹவர், இப்போது முழு சார்ஜில் 21,000. மூடியிலும் அடியிலும் புதுசாக மேட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடிப்பக்கத்தில் ஓரத்தை நகத்தால் கிளப்பினால், பழைய கம்பெனி தன் சொத்து என்று எண் போட்டு ஒட்டிய அசெட் லேபிளைச் சுரண்டிய பசை நீள்சதுரமாகக் கறுத்துக் கிடக்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அந்த அசெட் எண்ணை அழிக்க மறந்துவிட்டார்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால், வாரண்டி 2017-இல் தொடங்கி 2020-இல் முடிந்திருக்கிறது. லீஸ் முடிந்து ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட சரக்கு, வேறொன்றுமில்லை.

ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து விற்கிற லேப்டாப், வாங்குவதில் தப்பே இல்லை. என் மேஜையில் இருப்பதே அதுதான். ரீஃபர்பிஷ்டு என்று சொல்லி, அந்த விலைக்கு, வாரண்டி சீட்டோடு விற்கிற கடைகள் அதே தெருவில் இருக்கின்றன. பழசை டெமோ என்று சொல்லிப் புது விலை வாங்குவதுதான் அயோக்கியத்தனம்.

கடையில் கேட்டதற்கு, “ஐ7னு சொன்னோம், ஐ7தானே இருக்கு?” என்றார்கள். ஆகவே ஐ7, ஐ5 என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் உள்ள எண்ணைக் கேளுங்கள். 7600 என்றால் ஏழு, 1215 என்றால் பன்னிரண்டு. பணம் கொடுக்குமுன் கவுன்டரிலேயே ஆன் செய்யச் சொல்லி அபவுட், ஆக்டிவேஷன் இரண்டையும் பாருங்கள். சீரியல் எண்ணை உங்கள் போனிலேயே தேடுங்கள். அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். எஸ்டிமேட் பில் ஆகாது.

பழைய பொருளைப் புதிதென்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தபிறகுதான் கடையிலிருந்து போனே வந்தது. “வேற பீஸ் மாத்தித் தர்றோம் சார்” என்கிறார்கள். பணமாகத்தான் வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். தராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. மனு எழுதி வைத்திருக்கிறேன்.