பாராசூட் கேட்டால் முகம் சுளித்த பயிற்சிப் பள்ளி: 3/5

அக்கா மகன் அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறான். அங்கே நான் ஏரோபாட்டிக்ஸ் (விமானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் வித்தை) கற்ற பள்ளியிலேயே சேரலாமா என்று கேட்டான். வல்லம் வீட்டுத் திண்ணையில் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

விமானம் சூப்பர் டெகத்லான். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, 180 குதிரைத்திறன், பராமரிப்பு சுத்தம். ஆசிரியர் தங்கமான மனுஷர். நாம் தப்பு செய்தால் உடனே பிடுங்கிக்கொள்ள மாட்டார், கொஞ்சம் விட்டுப் பார்த்து அப்புறம்தான் கை வைப்பார். இவை இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

குறை பாராசூட்டில்தான். முதல் பாடங்கள் ஸ்பின், அதாவது விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவதும் அதிலிருந்து மீட்பதும். "இதற்குப் பாராசூட் தேவையில்லை, சட்டத்தில் விலக்கு இருக்கிறது" என்றார்கள். அது உண்மைதான். விமானம் 60 டிகிரிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தாலோ, மூக்கு 30 டிகிரிக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, கூட ஆள் இருந்தால் எல்லோரும் பாராசூட் மாட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஸ்பின் மாதிரி உரிமத்துக்கு வேண்டிய பாடத்தை ஆசிரியர் நடத்தினால் விலக்கு. ஆனால் கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தால், அது எந்தப் பாடம் என்று பார்த்தா அறும்? ஸ்பின்னுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

லூப், அதாவது வானில் செங்குத்தாக ஒரு வட்டம் அடிக்கும் பாடத்தன்று பாராசூட் கொடுத்தார்கள். முதுகில் மாட்டும் வகை, ஏழெட்டு கிலோ இருக்கும். தொடைக்கு இரண்டு பட்டை, மார்புக்கு ஒன்று, இடது மார்போரம் இழுக்கும் வளையம். உறையில் ஒரு சின்னப் பை, அதற்குள் ஓர் அட்டை. எடுத்துப் பார்த்தால், கடைசியாக மடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது! நைலான் பாராசூட் என்றால் 180 நாளுக்குள் உரிமம் பெற்ற ஆள் பிரித்துப் பார்த்து மடித்திருக்க வேண்டும். ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் இரண்டு நாளில் வேறொன்று வந்தது.

அதைவிட எனக்கு ஆறவே ஆறாதது, வெளியே குதிக்கத் தரையில் ஒரு தடவைகூடப் பழக்கவில்லை. நானே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பிடியை இழுத்துக் கதவின் கீல் ஊசியை உருவ வேண்டும், அடுத்து ஹெட்செட், கடைசியில் பெல்ட். அவசரத்தில் பெல்ட்டோடு பாராசூட் பட்டையையும் கழற்றிவிட்டால் போச்சு. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து நம் தலைக்கு மேலே போகும் சுகோய் போர் விமானத்தில் பிடியை இழுத்தால் இருக்கையோடு தூக்கி வெளியே போட்டுவிடும். டெகத்லானில் எல்லாவற்றையும் நம் கைதான் செய்ய வேண்டும்.

முதல் பாடத்திலேயே பாராசூட் தருவதாக ஒப்புக்கொண்டால் சேரு, அட்டையை நீயே பார் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம் வாசலில் நின்ற காரில் அவனை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னேன். முதல் தடவை கை நேராகப் பெல்ட்டுக்குத்தான் போனது. ஐந்தாவது தடவை வரிசை சரியாக வந்தது. திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னொரு தரம் செய்யுடா தம்பி" என்றாள்.